மோர்ஸ் எழுத்துகளைக் காதால் பழகுங்கள்

புள்ளி, கோடு அட்டவணையை மனப்பாடம் செய்து மோர்ஸ் (எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஓசைகளாக அனுப்பும் தந்திக் குறியீடு) பழகாதீர்கள், வேகம் கூடினால் எண்ணிக்கொண்டிருக்க நேரமே கிடைக்காது. 'டா' என்பது நீண்ட ஓசை (கோடு), 'டி' அல்லது 'டிட்' என்பது குறுகிய ஓசை (புள்ளி). ஆங்கில எழுத்து 'கே' என்றால் டா-டி-டா, 'எம்' என்றால் டா-டா, அப்படியே முழு ஓசையாகக் காதில் பதியட்டும். 1930களில் ஜெர்மானிய உளவியலாளர் லுட்விக் கோக் உருவாக்கிய முறைப்படி, இரண்டே எழுத்தில் தொடங்கி, முழு வேகத்தில் (நிமிடத்துக்கு 20 சொல் நல்ல அளவு) கேட்டு எழுதி, 90 சதவீதம் சரியாக வந்த பிறகுதான் அடுத்த எழுத்தைச் சேர்க்க வேண்டும். கஷ்டமாக இருந்தால் எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை மட்டும் நீட்டுங்கள், எழுத்தின் வேகத்தைக் குறைக்கவே கூடாது. ஒன்று தவறிப்போனால் இடம்விட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். அப்புறம் 'எஸ்' (டி-டி-டிட்), 'ஹெச்' (டி-டி-டி-டிட்) மாதிரி குழப்புகிற ஜோடிகளை மட்டும் தனியாக எடுத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள்.