பிற நூலகத்தின் பட்டியல் பதிவைப் பெறுவதும் நம் பதிவைப் பகிர்வதும்: கோஹாவில் படிப்படியான செய்முறை

ஒரே நூல் நூற்றுக்கணக்கான நூலகங்களுக்கு வந்து சேர்கிறது. அதன் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, பக்க அளவு, பொருள் தலைப்பு ஆகியவற்றை ஒவ்வொரு நூலகத்திலும் ஒருவர் உட்கார்ந்து முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை என்பதே கூட்டுப் பட்டியலாக்கத்தின் அடிப்படை. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 1901-இல் தன் அச்சிட்ட பட்டியல் அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு வழங்கத் தொடங்கியது. 1960-களில் அங்கே ஹென்றியட் அவ்ராம் உருவாக்கிய மார்க் வடிவம் அந்த அட்டையைக் கணினி படிக்கும் பதிவாக மாற்றியது. 1971 ஆகஸ்டில் ஓசிஎல்சி அமைப்பின் வழியாக ஒஹாயோ மாநிலத்து நூலகங்கள் ஒரே கணினியில் இணைந்து பட்டியலிடத் தொடங்கின. இன்று நம் ஊர்க் கல்லூரி நூலகத்திலும் இலவச நூலக மென்பொருளான கோஹாவைக் கொண்டு இதைச் செய்ய முடியும்.

கோஹா நிறுவப்பட்டிருக்கிறது, பணியாளர் பக்கத்தில் நுழைந்து பட்டியலிடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இந்த விளக்கம் எழுதப்படுகிறது. பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் இடம் சற்று மாறலாம். வேலையின் வரிசை மாறாது.

படி 1: தேடும் மூலத்தைச் சேர்த்தல்

இரண்டு நூலக மென்பொருள்கள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் பெறுவதற்கான நெறிமுறையின் பெயர் இசட்39.50. அதன் புதிய வடிவம் எஸ்ஆர்யூ. கோஹாவில் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ பகுதிக்குள் ‘இசட்39.50/எஸ்ஆர்யூ சர்வர்ஸ்’ என்ற இடத்தில் புதிய சர்வரைச் சேர்க்கலாம். அங்கே சர்வரின் முகவரி, போர்ட் எண், தரவுத்தளத்தின் பெயர், பதிவின் வடிவம், எழுத்துக் குறியாக்கம் ஆகியவை கேட்கப்படும். இவற்றை ஊகித்து நிரப்பாமல், நீங்கள் தேட விரும்பும் நூலகம் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் விவரத்தைப் பார்த்து அப்படியே இடுங்கள். வடிவம் பெரும்பாலும் மார்க்21 ஆகவும், குறியாக்கம் யூனிகோடின் யுடிஎஃப்-8 அல்லது நூலகங்களின் பழைய குறியாக்கமான மார்க்-8 ஆகவும் இருக்கும்.

எல்லாவற்றையும் சரியாக இட்ட பிறகும் எந்தச் சர்வரிலிருந்தும் பதில் வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலையமைப்பின் ஃபயர்வாலைத்தான். இசட்39.50-க்கு உரிய வழக்கமான போர்ட் 210. பல கல்லூரி வலையமைப்புகளில் அது மூடப்பட்டிருக்கும். தேடலை அனுப்புவது உங்கள் மேசைக் கணினி அல்ல, கோஹா இயங்கும் சர்வர். ஆகவே அந்தச் சர்வரிலிருந்து வெளியே செல்லும் இணைப்புக்கு 210-ஐத் திறந்துவிடும்படி கணினிப் பிரிவிடம் குறிப்பாகக் கேளுங்கள். ‘இன்டர்நெட் வேலை செய்யவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால், உங்கள் பிரவுசரைத் திறந்து காட்டி, வேலை செய்கிறதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

படி 2: நூலைத் தேடுதல்

‘கேட்டலாகிங்’ பகுதியில் ‘நியூ ஃப்ரம் இசட்39.50/எஸ்ஆர்யூ’ என்பதைச் சொடுக்கினால் தேடல் சாளரம் திறக்கும். முதலில் ஐஎஸ்பிஎன் எனப்படும் நூலின் பன்னாட்டு அடையாள எண்ணைக் கொண்டு தேடுங்கள். 2007-க்கு முந்தைய நூல்களில் எண் 10 இலக்கமாக இருக்கும். அதன் பின் 13 இலக்கம். 13 இலக்க எண்ணின் முன்னால் உள்ள 978-ஐ நீக்கினால் மட்டும் பழைய எண் கிடைத்துவிடாது, ஏனெனில் கடைசியில் உள்ள சரிபார்ப்பு இலக்கம் வேறு கணக்கில் வருகிறது. இரண்டு எண்களும் நூலில் அச்சாகியிருந்தால் இரண்டையும் கொண்டு தேடிப் பாருங்கள். தமிழ்ப் பதிப்புலகில் மறுபதிப்புக்கும் வேறு நூலுக்கும் அதே எண்ணை இடுவது உண்டு என்பதால், எண் பொருந்தியதை மட்டும் வைத்து நூலும் அதுவே என்று முடிவுசெய்ய வேண்டாம்.

ஐஎஸ்பிஎன் இல்லாத தமிழ் நூலுக்குத் தலைப்பைக் கொண்டு தேட வேண்டும். காங்கிரஸ் நூலகம் 1962 முதல் புதுதில்லியில் நடத்திவரும் அலுவலகத்தின் வழியாகத் தமிழ் நூல்களையும் வாங்கிப் பட்டியலிடுகிறது. ஆகவே நீங்கள் நினைப்பதைவிட அதிகமான தமிழ் நூல்களுக்கு அங்கே பதிவு இருக்கும். ஆனால் அந்தப் பதிவுகளின் முதன்மைத் தலைப்பு உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருக்கும். அந்த எழுத்துப்பெயர்ப்பு நாம் ஆங்கிலத்தில் பெயர் எழுதும் வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. க, ச, ட, த, ப என்ற வல்லெழுத்து ஒவ்வொன்றுக்கும், அது சொல்லில் எந்த இடத்தில் எப்படி ஒலித்தாலும், ஒரே உரோமன் எழுத்துதான். தலைப்பில் ‘காந்தி’ என்ற சொல் இருந்தால் அது ‘ஜி’யில் தொடங்காது, ‘கே’யில் தொடங்கும், இடையில் ‘எச்’ வராது. ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு எழுத்தின் கீழே கோடோ புள்ளியோ உண்டு. தேடும்போது இந்தக் குறிகளை விட்டுவிட்டு வெறும் எழுத்துகளை இட்டால் பெரும்பாலும் போதும். ஆசிரியர் பெயரைவிடத் தலைப்பின் நடுவில் உள்ள அரிதான ஒரு சொல்லே விரைவில் முடிவைத் தரும்.

படி 3: எந்தப் பதிவை எடுப்பது

ஒரே நூலுக்கு நான்கைந்து பதிவுகள் வந்தால் முதலில் தென்படுவதை எடுத்துவிடாமல், ஒவ்வொன்றின் மார்க் காட்சியையும் திறந்து கையில் இருக்கும் நூலுடன் ஒப்பிடுங்கள். பதிப்பு, வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். மார்க் பதிவில் ஒவ்வொரு விவரமும் எண்ணிட்ட ஒரு புலத்தில் இருக்கும்; பதிவின் தலையில் உள்ள குறியீட்டு வரி லீடர். 300 புலத்தில் பக்க எண்ணிக்கையே இல்லாமல் இருந்தால் அது நூல் அச்சாவதற்கு முன்பே தயாரித்த பதிவாக இருக்கக்கூடும்; லீடரின் 17-ஆம் இடத்தில் 8 இருந்தால் அது உறுதி. அதை எடுக்கலாம், ஆனால் மிச்சத்தை நீங்களே நிரப்ப வேண்டும். அந்த இடம் வெற்றாக இருந்தால் அது முழுமையான பதிவு.

படி 4: இறக்கிய பதிவைத் திருத்துதல்

‘இம்போர்ட்’ செய்ததும் பதிவு திருத்தும் பக்கத்தில் திறக்கும். இந்த வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பதிவு வந்துவிட்டது என்று உடனே சேமித்துவிடுவது, நூலைத் திறந்து பார்க்காமலே அலமாரியில் அடுக்குவதற்குச் சமம்.

தமிழ் வாசகருக்கான நூலகத்தில் 245 புலத்தில் தலைப்பு தமிழ் எழுத்தில் இருப்பதே சரி என்பது என் கருத்து. உரோமன் வடிவத்தை நீக்க வேண்டாம். அதை, வேறு எழுத்து வடிவத்துக்கு உரிய 880 புலத்துக்கு மாற்றி, இரண்டையும் 6 என்ற உட்புலத்தால் இணைத்துவிட்டால் வெளிநாட்டு ஆய்வாளருக்கும் நூல் கிடைக்கும். 008 புலத்தில் மொழிக் குறியீடும் நாட்டுக் குறியீடும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இலங்கையில் அச்சான நூலுக்கு இந்தியாவின் குறியீட்டைப் பழக்கத்தில் இடுவது அடிக்கடி நேர்கிறது.

நூலின் பொருளைக் குறிக்கும் பகுப்பு எண்ணை நம்பி ஏற்கலாம், ஆனால் உங்கள் அலமாரியுடன் ஒப்பிட்ட பிறகு. டூவி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண் உண்டு. தமிழ்ப் புனைகதை 894.8113. தமிழ் நாவல்களே பாதி இடத்தைப் பிடித்திருக்கும் நூலகத்தில் இந்த ஒரே எண்ணின் கீழ் ஆயிரக்கணக்கான நூல்கள் குவியும் என்பதால், ஆசிரியர் குறியை நீங்கள் எப்படி இடுகிறீர்கள் என்பது அந்த எண்ணைவிட முக்கியமாகிவிடுகிறது. மற்றொரு பகுப்பு முறையான கோலன் பகுப்பைப் பின்பற்றும் நூலகங்கள் தங்கள் எண்ணை 084 புலத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்தை உள்ளிடும்போது கண்ணுக்குத் தெரியாத பிழைகள் நுழைகின்றன. ‘கொ’ என்பதை யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இட்டும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்கமைக்கப்படாத தேடலுக்கு அவை வெவ்வேறு. காலுக்குப் பதில் ‘ர’ இட்டிருப்பதும், ‘ஔவையார்’ என்பதில் ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ‘ஒ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகள் இருப்பதும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவுகளில் மிகுதி. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தையும் இரண்டு வகையில் உள்ளிட முடியும். நூலகத்தில் பட்டியலிடும் எல்லோரும் ஒரே விசைப்பலகை முறையைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி வராது.

இறுதியாக 942 புலத்தில் பொருள் வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து, அடுத்த பக்கத்தில் சேர்க்கை எண், பார்கோடு, விலை, அழைப்பு எண் ஆகிய பிரதி விவரங்களை இடுங்கள். அந்த நூலுக்கு உங்களிடம் ஏற்கெனவே பதிவு இருந்தால் கோஹா எச்சரிக்கும். அப்போது புதிய பதிவைக் கைவிட்டுப் பழைய பதிவின் கீழ் பிரதியை மட்டும் சேர்ப்பதே முறை.

படி 5: மொத்தமாக இறக்குதல்

நூல் விற்பனையாளரோ வேறொரு நூலகமோ சில நூறு பதிவுகளை ஒரே மார்க் கோப்பாகத் தந்தால் ‘ஸ்டேஜ் ரெக்கார்ட்ஸ்’ வசதியைப் பயன்படுத்துங்கள். இது பதிவுகளை நேரே பட்டியலில் சேர்க்காமல் ஓர் இடைக்கிடங்கில் நிறுத்திவைக்கிறது. இங்கே மூன்று முடிவுகள் உங்களுடையவை. முதலாவது, எழுத்துக் குறியாக்கம். மார்க்-8 தமிழ் எழுத்துகளை உள்ளடக்காது என்பதால் தமிழ்ப் பதிவு என்றாலே யுடிஎஃப்-8 தான். கோப்பில் லீடரின் 09-ஆம் இடத்தில் யூனிகோடைக் குறிக்கும் ‘ஏ’ இல்லாமல் வெற்றாக இருந்தால் தமிழ் எல்லாம் கிறுக்கலாகிவிடும். இரண்டாவது, பொருத்த விதி. ஐஎஸ்பிஎன்னா, கட்டுப்பாட்டு எண்ணா என்று தேர்ந்தெடுத்து, பொருந்தினால் பழைய பதிவை மாற்றுவதா விடுவதா என்று சொல்லுங்கள். முன்பே சொன்ன ஐஎஸ்பிஎன் குழப்பத்தால், தமிழ் நூல்களுக்கு மாற்றும் விருப்பத்தைத் தவிர்ப்பது நல்லது. மூன்றாவது, பிரதி விவரம். தந்தவரும் கோஹா பயன்படுத்துபவர் என்றால் 952 புலத்தில் அவருடைய பார்கோடுகளும் கூடவே வரும். பிரதிகளைச் சேர்க்க வேண்டாம் என்று குறித்துவிடுங்கள்.

நிறுத்திவைத்த தொகுப்பைப் பார்வையிட்டு, பத்துப் பதிவுகளையாவது திறந்து பார்த்த பின் இறக்குங்கள். தவறாகிவிட்டால் அந்தத் தொகுப்பை முழுவதுமாகத் திரும்பப் பெறும் வசதி உண்டு, ஆனால் அதை உடனே செய்ய வேண்டும். சேர்த்த நூல்களை வாசகர் எடுத்துச் செல்லத் தொடங்கிய பின் அது அவ்வளவு எளிதல்ல.

படி 6: நம் பதிவைப் பிறருக்குத் திறத்தல்

பெறுவதோடு நின்றுவிடும் நூலகங்களே அதிகம். கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சிறு வேலை இருக்கிறது. ‘மார்க் ஆர்க் கோடு’ என்ற சிஸ்டம் ப்ரெஃபரன்சில் (கோஹாவின் பொது அமைப்பில்) உங்கள் நூலகத்தின் குறியீட்டை இடுங்கள். நிறுவும்போது அங்கே ‘ஓஎஸ்டி’ என்ற இயல்பு மதிப்பு இருக்கும். அதை மாற்றாமல் விட்ட நூலகங்களின் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை போலத் தோன்றுகின்றன, கூட்டுப் பட்டியலில் எது யாருடையது என்று பிரிக்க முடிவதில்லை. 040 புலத்தில் முதலில் பட்டியலிட்ட நூலகத்தின் குறியீட்டை நீக்காமல், திருத்தியவர் என்ற முறையில் உங்கள் குறியீட்டை ‘டி’ உட்புலத்தில் சேர்ப்பது மரபு.

இசட்39.50 கேட்டால் மட்டும் பதில் சொல்லும். ஆள் யாரும் தேடாமலே பதிவுகள் தாமாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் ஓஏஐ-பிஎம்எச் என்ற அறுவடை நெறிமுறை வேண்டும். சிஸ்டம் ப்ரெஃபரன்சஸில் அதை இயக்கி, உங்கள் நூலகத்துக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுத்தால் போதும். கூட்டுப் பட்டியலை நடத்தும் அமைப்பின் சர்வர் குறித்த இடைவெளியில் வந்து, கடந்த முறைக்குப் பின் சேர்ந்த, மாறிய, நீக்கப்பட்ட பதிவுகளை மட்டும் எடுத்துச் செல்லும். கோஹா இயல்பாக ஒரே தடவையில் 50 பதிவுகளைத் தந்து, மிச்சத்துக்கு ஒரு தொடர்ச்சிக் குறியீட்டைக் கொடுக்கிறது. அறுவடை செய்பவரின் மென்பொருள் அதைக் கொண்டு அடுத்த 50-ஐக் கேட்கும். டப்ளின் கோர், மார்க் எக்ஸ்எம்எல் என இரண்டு வடிவங்களில் பதிவைத் தரலாம். டப்ளின் கோர் 15 கூறுகளோடு நின்றுவிடுவதால் 880 புலத்தில் நீங்கள் உழைத்துச் செய்த இணைப்பெல்லாம் அதில் தங்காது. பெறுபவர் நூலகம் என்றால் மார்க் எக்ஸ்எம்எல் வடிவத்தையே எடுக்கச் சொல்லுங்கள்.

முகவரியைப் பிறருக்கு அனுப்பும் முன், நூலக வலையமைப்புக்கு வெளியே, கைப்பேசி இணைப்பில் அதைத் திறந்து பாருங்கள். பிறகு ஒரு பதிவில் ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்து, இன்றைய தேதியிலிருந்து மாறியவற்றை மட்டும் கேட்டால் அந்தப் பதிவு பட்டியலில் வருகிறதா என்று சோதியுங்கள். வந்தால், நீங்கள் இனிச் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அடுத்த அறுவடையில் கூட்டுப் பட்டியலைச் சென்றடையும்.