அட்லாண்டாவில் சோல் ஃபுட்: கீரையைக் கேட்டு வாங்குங்கள்

அட்லாண்டாவுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறீர்களா? சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, 30 நாளுக்குள் ஜார்ஜியா மாநில டிரைவிங் லைசென்ஸ். இதையெல்லாம் ஆபீஸிலேயே சொல்லிவிடுவார்கள், நான் அதற்குள் போகவில்லை. நான் எழுத வந்தது சாப்பாட்டைப் பற்றி, அதிலும் இங்குள்ள கறுப்பின மக்களின் பாரம்பரியச் சமையலான சோல் ஃபுட் பற்றி. ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக் போன்ற புறநகர்களில் வீடு பிடித்து, வாரா வாரம் அதே தோசைக் கடைக்குப் போய்விட்டு, "அமெரிக்கக்காரன் சாப்பாட்டில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வைன் சிட்டி ரயில் நிலையத்தைச் சுற்றிய பகுதியிலிருந்து தொடங்கலாம். பாஸ்கல்ஸ், பிஸி பீ கஃபே என்ற இரண்டு சோல் ஃபுட் உணவகங்களும் 1947இல் தொடங்கியவை. பாஸ்கல் சகோதரர்களின் உணவகத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங்கும் அவருடைய தோழர்களும் உட்கார்ந்து போராட்டங்களுக்குத் திட்டம் போட்டார்கள். அந்தப் போராட்டங்களில் கைதாகிச் சிறையிலிருந்து வெளியே வந்த மாணவர்களுக்கு அங்கே இலவசமாகச் சாப்பாடு கிடைத்தது. இப்போது அது நார்த்சைட் டிரைவில் வேறு கட்டடத்தில் இருக்கிறது. பிஸி பீ சின்ன இடம். 2022இல், அமெரிக்க உணவகங்களுக்குத் தரும் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதை வாங்கியது. பொரித்த கோழிக்கு அங்கே போங்கள்.

எந்தக் கடைக்குப் போனாலும் வாசலருகே சுகாதாரத் துறையின் மதிப்பெண் தாள் ஒட்டியிருக்கும். 90 அல்லது அதற்கு மேல் என்றால் ஏ. பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ஞாயிறு மதியம் சர்ச் முடிந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், வரிசை நீளும். வார நாளில் பதினொன்றரைக்குப் போனால் நிம்மதி. உட்கார்ந்து சாப்பிட்டால் டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம்.

ஒரு கறி, கூட இரண்டோ மூன்றோ பக்க உணவு, ஒரு துண்டு கார்ன்பிரெட் (மக்காச்சோள மாவு ரொட்டி): இதுதான் வழக்கமான தட்டு. வெண்டைக்காயும் காராமணியும் அடிமைக் கப்பல்களின் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. பண்ணை முதலாளி பன்றியின் நல்ல கறியைத் தான் வைத்துக்கொண்டு, கால், கழுத்து, குடல் என்று ஒதுக்கியதை வைத்து, அடிமைகளாக இருந்த அந்த ஆப்பிரிக்க மக்கள் உருவாக்கிய சமையல் இது. குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி மீனில் ஹாட் சாஸை நாலு சொட்டு விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆக்ஸ்டெயிலைத் தவிர்க்கவும், அது மாட்டு வால்.

இனி முக்கியமான விஷயம். மெனுவில் "வெஜிடபிள் பிளேட்" என்று இருக்கும். அதை நம்பி சைவக்காரர்கள் யாரும் ஆர்டர் செய்யாதீர்கள்.

என் நண்பனின் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். முட்டைகூடத் தொடாதவர். வாட்ஸ்அப் குழுவில் யாரோ "அங்கே வெஜ் பிளேட் சூப்பர், தைரியமாகப் போங்க" என்று எழுதியதை நம்பி இவன் கூட்டிப்போனான். பரிமாறிய பெண்ணிடம், "இதில் கறி இல்லையே?" என்றும் கேட்டான். "இல்லை கண்ணா, எல்லாம் காய்தான்" என்றாள். கரும்பச்சைக் கீரை, காராமணி, பீன்ஸ், மக்ரோனி சீஸ். "கீரை நம்ம ஊர் மாதிரி நன்னா குழைஞ்சிருக்குடா" என்று சொல்லி அம்மா பாதிக் கிண்ணம் சாப்பிட்டுவிட்டார். அடியில் கரண்டி போனபோது இலைகளுக்கு நடுவே இளஞ்சிவப்பாக நார் நாராக ஏதோ வந்தது. புகைபோட்ட பன்றிக்கால் இறைச்சி. அன்று இரவு முழுக்க அவர் ஒரு வாய்த் தண்ணீருக்குமேல் எதுவும் எடுக்கவில்லை. நண்பன் இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் முகம் வாடிவிடுகிறான்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அந்தச் சமையலில் கீரையையும் பயறையும் பீன்ஸையும் பன்றிக்காலோடோ வான்கோழிக் கழுத்தோடோ மணிக்கணக்கில் வேகவைப்பது வழக்கம். துண்டை வெளியே எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது காய்தான் என்பது அவர்கள் கணக்கு. எனக்குக் கோபமெல்லாம், விசாரிக்காமல் அடுத்தவர் வீட்டுப் பெரியவர்களை அனுப்பிவைக்கும் நம் ஆட்கள் மேல்தான்.

அதனால் "கறி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "இதை எதில் வேகவைத்தீர்கள்? பன்றியா, வான்கோழியா, கோழிச் சாறா?" என்று ஒவ்வொரு பக்க உணவுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் சமையலறைக்குள் போய்க் கேட்டுவந்து சொல்வார்கள். பல கடைகள் இப்போது பன்றியை விட்டு வான்கோழிக்கு மாறிவிட்டன. ஆனால் அது சைவமும் ஆகாது, ஹலாலும் ஆகிவிடாது. கார்ன்பிரெட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு. பொரித்த வெண்டைக்காய் வேண்டுமென்றால், கோழி பொரித்த எண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுத்த சைவம்தான் வேண்டும் என்றால் வெஸ்ட் எண்ட் பகுதிக்குப் போங்கள். கறுப்பின மக்களே நடத்தும் வீகன் உணவகங்கள் அங்கே இருக்கின்றன.

வீட்டிலும் செய்யலாம். டிகேட்டர் பக்கம் உள்ள பெரிய ஃபார்மர்ஸ் மார்க்கெட்டில் காலர்ட் கீரை, அதாவது இந்தக் கடைகளில் வரும் கரும்பச்சைக் கீரை, கட்டுக் கட்டாகக் கிடைக்கும். நடுத்தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, இலைகளைச் சுருட்டி மெல்லியதாக நறுக்குங்கள். முருங்கைக்கீரைக்கு வைக்கும் நேரத்தைவிட இரண்டு மடங்கு வேகவிட்டு, தேங்காயும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளியுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். கார்ன்பிரெட்டை அதில் தொட்டுத்தான் இங்கே சாப்பிடுவார்கள். நீங்கள் ரசத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.