பீப்பாய்ப் புகையில் ஹேடக்: ஆக்மிதி ஊர்ப் பக்குவம்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஆங்கஸ் வட்டாரத்தில், செம்பாறைக் குன்றின் மேல் இருக்கும் சிறிய மீனவ ஊர் ஆக்மிதி. இன்று ஆர்ப்ரோத் ஸ்மோக்கி என்று விற்கும் புகையூட்டிய மீன் பிறந்தது இங்கேதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்மிதிக் குடும்பங்கள் ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆர்ப்ரோத்துக்குக் குடிபெயரத் தொடங்கின. தொழிலும் கூடவே போனது, பெயர் அந்த நகரத்துக்குப் போய்விட்டது. தீப்பிடித்த கொட்டகையில் வெந்த மீன் தற்செயலாகக் கிடைத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். செய்முறையைப் பார்த்தால் நம்பத் தோன்றாது.

ஹேடக் என்ற கடல்மீன் மட்டும்தான் சரி; தோள்பக்கம் கரும்புள்ளி இருக்கும். குடலையும் தலையையும் நீக்கி, முதுகெலும்பை ஒட்டிய ரத்தத்தைச் சுரண்டிக் கழுவுங்கள். முள்ளும் தோலும் அப்படியே இருக்கட்டும். வயிற்றுக்குள்ளும் வெளியேயும் கல்லுப்பைத் தூவி, சிறிய மீனை ஒரு மணி நேரமாவது வையுங்கள். பெரிய மீனுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். உப்பு, மீனிலுள்ள நீரை இழுத்துச் சதையை இறுக்குகிறது. இது குறைந்தால் சூட்டில் வால் அறுந்து மீன் நெருப்பில் விழும்.

உப்பைக் கழுவிவிட்டு, ஒரே அளவுள்ள இரண்டிரண்டாக வாலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, குச்சியின் இருபக்கமும் தொங்கவிடுங்கள். அளவு மாறினால் ஒன்று வேகும்போது மற்றது காய்ந்துவிடும். மேல்தோல் தொட்டால் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை காற்றில் உலரட்டும். ஈரத்தோடு ஏற்றினால் கரி படியும்.

பாதி பீப்பாயைத் தரையில் புதைத்து, அடியில் பீச் (beech) அல்லது ஓக் மர விறகில் நல்ல தணல் உண்டாக்குங்கள். பைன் வேண்டவே வேண்டாம்; அதன் பிசின் மீனைக் கசக்க வைக்கும். குச்சிகளை அடுக்கி, நனைத்த கோணிச் சாக்கால் மூடுங்கள். சூட்சுமம் இந்தச் சாக்கில்தான். காற்றைத் தடுத்துச் சுடரை அடக்கும். ஈரத்தில் எழும் ஆவி மீனைக் காயவிடாமல் வேகவைக்கும். சுடர் எழுந்தால் இன்னொரு ஈரச் சாக்கு போடுங்கள். நெருப்பு மங்கினால் ஓரத்தைக் கொஞ்சம் தூக்குங்கள், இல்லாவிட்டால் மீன் புகை வாசம் மட்டும் ஏறிப் பச்சையாக நிற்கும். பழைய ஆக்மிதியில் இதெல்லாம் பெண்கள் கைவேலை. ஆண்களின் கால் நனையாதபடி முதுகில் சுமந்து படகேற்றிவிட்டதும் அவர்களே.

முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் தோல் செம்பு நிறமாகும், சதை முள்ளைவிட்டு எளிதில் பிரியும். சூடாகவே வயிற்றுப்பக்கம் விரித்து, நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவி, வெண்ணெய் தடவிச் சாப்பிடலாம்.

இது கருவாடு அல்ல. குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். விற்பதானால் ஒரு கட்டுப்பாடும் உண்டு. 2004 முதல் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால், ஆர்ப்ரோத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்ததை மட்டுமே ஆர்ப்ரோத் ஸ்மோக்கி என்று விற்க முடியும். ஆக்மிதி அந்த வட்டத்துக்குள்ளேயே வருகிறது.