வெளிநாட்டுக்கு விற்பவர்கள் பணம் வாங்குவதில் செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் நாச்சியார்கோவிலிலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தான். அப்பாவின் பட்டறையில் செய்யும் குத்துவிளக்குகளை ஆறு மாதமாக ஆன்லைனில் விற்கிறான். போனை நீட்டினான். "அண்ணே, மெல்போர்ன்ல இருந்து ஆர்டர். பணம் வந்துருச்சு. ஆனா பார்சலை வேற அட்ரஸுக்கு அனுப்பச் சொல்றாங்க. அனுப்பிரலாம்ல?"

எனக்குப் பகீரென்றது. 2018-ல் இதே நிலையில் நான் யாரையும் கேட்காமல் அனுப்பிவிட்டேன். அந்த வருடத்தில் மட்டும் இதே தவறைச் செய்த இன்னும் இரண்டு பேரைப் பார்த்தேன். இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓடிபி சொல்லக்கூடாது, பணம் வாங்க யுபிஐ பின் போடக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஓரளவு அனுபவம் வந்தவர்களும் சறுக்குகிற இடங்கள் வேறு.

பணம் கட்டிய பிறகு முகவரியை மாற்றுவது

2018-ல் எனக்கு வந்த ஆர்டர் இது: மூன்றடி அன்ன விளக்கு, ஒரு ஜோடி. கூரியரோடு சேர்த்து 620 டாலர். பணம் கட்டியவரின் முகவரி டெக்சாஸ். மறுநாள் காலை செய்தி வந்தது: "நியூஜெர்சியில் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். நேராக அங்கேயே அனுப்பிவிடுங்கள், நாள் குறைவாக இருக்கிறது." கிரகப்பிரவேசம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நம்ம ஊர்க்காரர், நல்ல காரியம், தாமதம் ஆகக்கூடாது. பத்தருக்குக் கூலி கொடுத்து, விளக்கைத் தண்டு தண்டாகக் கழற்றிப் பொதிந்து, நியூஜெர்சிக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

எழுபது நாள் கழித்து 620 டாலரும் என் கணக்கிலிருந்து திரும்பிப் போனது. கார்டின் உண்மையான சொந்தக்காரர் டெக்சாஸில் இருந்தார். இந்தச் செலவை நான் செய்யவே இல்லை என்று தன் பேங்கில் புகார் கொடுத்திருந்தார். அவர் மேல் தவறே இல்லை. பணத்தை வாங்கித் தரும் ஆன்லைன் சேவைக்காரர்களிடம் நான் டிராக்கிங் நம்பரைக் காட்டினேன், கையெழுத்தைக் காட்டினேன். ஒரே கேள்வியில் முடிந்துவிட்டது: பணம் கட்டியபோது பதிவான முகவரிக்கா அனுப்பினீர்கள்?

இல்லை.

விளக்கு போனது, பணம் போனது, கூரியருக்குக் கட்டிய 13,000 ரூபாயும் போனது.

இன்று வரை என்னை உறுத்துவது நஷ்டம்கூட இல்லை. அதைத் தடுக்க ஐந்து நிமிடம் போதும் என்பதுதான். யாராவது முகவரியை மாற்றச் சொன்னால், முழுப் பணத்தையும் அதே பரிவர்த்தனையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, புது முகவரியைப் போட்டு மறுபடி கட்டச் சொல்லுங்கள். சேவைக் கட்டணம் கொஞ்சம் நம் கையை விட்டுப் போகலாம், போகட்டும். உண்மையான வாடிக்கையாளர் சற்று முகம் சுளித்துவிட்டு மறுபடி கட்டுவார். திருட்டுக் கார்டு வைத்திருப்பவர் பெரும்பாலும் காணாமல் போவார். மெல்போர்ன் ஆர்டருக்கும் அந்தத் தம்பியை அப்படித்தான் செய்யச் சொன்னேன். பணத்தைத் திருப்பினான். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு வரி பதில் இல்லை.

விதி என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணத்தை ஆன்லைனில் வாங்கித் தரும் பேபாலை எடுத்துக்கொண்டால், விற்பவருக்கான பாதுகாப்பு கிடைக்கப் பரிவர்த்தனைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கே சரக்கு போயிருக்க வேண்டும். சரியான முகவரிக்கு அனுப்பி, வழியில் வாங்குபவர் கூரியரிடம் சொல்லித் திசை திருப்பிக்கொண்டாலும் பாதுகாப்பு போய்விடும். 750 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வேண்டும். வாங்கியவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். அதனால் பார்சல் சேர்ந்த அன்றே ஆதாரங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொதிந்த புகைப்படம், எடை, கூரியர் ரசீது, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் ஆர்டர் எண் போட்டு ஒரே இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. தமிழில் பேசினார், பூஜை சாமான் வாங்குகிறார், அதனால் நல்லவர் என்ற முடிவுக்கு வராதீர்கள். நாம் எதற்கு இளகுவோம் என்பது ஏமாற்றுகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

கூடுதலாக வந்த பணத்தை வேறு கணக்குக்கு அனுப்புவது

இதுவும் அதே திருட்டுக் கார்டு குடும்பம்தான். "என் ஷிப்பிங் ஏஜெண்டுக்கு நீங்களே கட்டிவிடுங்கள், அந்தத் தொகையையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்" என்பார்கள். ஏஜெண்டுக்குப் போவது உங்கள் சொந்தப் பணம். வந்த பணம் பிறகு திரும்பிப் போய்விடும். மிச்சம் இருந்தால் வந்த வழியிலேயே திருப்புங்கள்.

வெளிநாட்டு செக்

வாங்காதீர்கள். கணக்கில் வரவு வைத்த பிறகும் திரும்பி வரும்.

ஸ்விஃப்ட் நகலைப் பார்த்ததும் சரக்கை அனுப்புவது

பெரிய ஆர்டர்களில் பேங்க் வழியாக அனுப்புகிறேன் என்று சொல்லி எம்டி103 நகலை, அதாவது பேங்குகள் ஸ்விஃப்ட் வலைப்பின்னலில் ஒன்றுக்கொன்று அனுப்பும் பணச் செய்தியின் நகலை, அனுப்புவார்கள். அது பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் அனுப்பும் பேங்க் தயாரித்த செய்தியின் நகல்தான் அது, பணம் இல்லை. ஒரு பிடிஎஃபை மாற்றி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? உண்மையான நகலில் யுஇடிஆர் என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அதை உங்கள் பேங்கில் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள். எப்படியும், கணக்கில் வரவு ஏறும் வரை பெட்டியை மூடி ஆணி அடிக்க வேண்டாம்.

வரும்போது 15, 20 டாலர் குறைவாக வந்தால் பதற வேண்டாம், இடையில் உள்ள பேங்க் பிடித்திருக்கும். கட்டணம் எல்லாவற்றையும் அனுப்புபவரே ஏற்கும் முறையில் அனுப்பச் சொல்லி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வெஸ்டர்ன் யூனியனில் சரக்குப் பணம் வாங்குவது

சுலபம் என்று பலரும் செய்கிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அந்த வழி குடும்பச் செலவு போன்ற தனிப்பட்ட பணத்துக்கு மட்டும்தான். ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு வருடத்தில் 30 தடவை என்று வரம்பும் உண்டு. வியாபாரப் பணம் அதில் வரக்கூடாது.

பர்பஸ் கோடைப் பார்க்காமல் விடுவது

வெளிநாட்டுப் பணம் உள்ளே வரும்போது அது எதற்கு வந்தது என்று பேங்க் ஒரு கோடு போடும். சரக்குக்கு முன்பணம் என்றால் பி0103. குடும்பத்துக்கு அனுப்பியது என்றால் பி1301. டொரொன்டோவில் இருக்கும் மாமா கணக்கில் வாங்கி, அவர் நமக்கு அனுப்பினால் இரண்டாவதுதான் விழும். அப்புறம் என்ன ஆகும்? ஷிப்பிங் பில் (சுங்கத்துறையிடம் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம்) போட்டு அனுப்பிய சரக்குக்குப் பணமே வரவில்லை என்று பேங்கின் ஏற்றுமதிக் கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். ஒரு கடிதத்தோடு போய் நின்றால் தீராது, எனக்குத் தெரிந்த ஒருவர் எட்டு மாதம் அலைந்தார்.

ஏற்றுமதி, இறக்குமதி செய்ய வேண்டிய ஐஇசி எண்ணை எடுக்க 500 ரூபாய்தான் கட்டணம், ஆன்லைனிலேயே எடுக்கலாம், எண் உங்கள் பான் எண்ணேதான். முதல் ஆர்டருக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் பேங்கிலிருந்து எஃப்ஐஆர்ஏ (வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்று) கேட்டு வாங்கி இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள்.

"கிஃப்ட்" என்று எழுதுவது

சுங்க வரியைக் குறைக்க, பார்சல் படிவத்தில் விலையைக் குறைத்து "கிஃப்ட்" என்று எழுதச் சொல்லி வாங்குபவரே கேட்பார். செய்யாதீர்கள். 620 டாலர் வாங்கிவிட்டு 40 டாலர் கிஃப்ட் என்று எழுதினால், பார்சல் தொலைந்த அன்று உங்கள் கையில் இருப்பது 40 டாலருக்கான காகிதம்.

சுங்க வரி யாருடையது என்று சொல்லாமல் விடுவது

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் இதை இப்போதே சரிசெய்ய வேண்டும். 800 டாலருக்குள் இருந்தால் வரி இல்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29-ல் முடிந்துவிட்டது. பழைய நினைப்பில் வாங்கியவர் வீட்டு வாசலில் வரியைக் கேட்டதும் பார்சலைத் திருப்பி விடுகிறார், பிறகு பணத்தையும் கேட்கிறார். திரும்பி வரும் கூரியர் செலவு நம் தலையில். வரி வாங்குபவர் பொறுப்பு என்றால், அதைப் பொருளின் பக்கத்திலும் இன்வாய்ஸிலும் எழுதி, பணம் வாங்கும் முன் "சரி" என்று அவரிடமிருந்து ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் அந்த ஒரு வரியைத்தான் காட்ட முடியும்.