கோகோ கோலா ஸ்காலர் விருதுக்கு விண்ணப்பிப்பது எப்படி? (அமெரிக்காவில் 12ஆம் வகுப்புப் பிள்ளை உள்ள தமிழ் வீடுகளுக்கு)

ஆகஸ்ட் பிறந்துவிட்டால், சீனியர் வருடத்தில் காலெடுத்து வைக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் கல்லூரி விண்ணப்பத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அந்த அமளியில் பலர் கவனிக்காமல் விட்டுவிடுவது கோகோ கோலா ஸ்காலர்ஸ் விருது. ஆண்டுக்கு 150 பேர், ஆளுக்கு 20,000 டாலர். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை, பிள்ளை செய்ததைப் பார்த்துக் கொடுப்பது. கம்பெனியின் நூற்றாண்டை ஒட்டி 1986இல் அறக்கட்டளை தொடங்கினார்கள். 1989இல் முதல் அணி தேர்வானது.

விண்ணப்பிக்கிறவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அதில் 150 என்றால் கிடைப்பது அபூர்வம்தான், மறைக்க வேண்டியதில்லை. பிறகு ஏன் மெனக்கெட வேண்டும்? முதல் சுற்றில் கட்டுரை இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை, கட்டணமும் இல்லை. பட்டியல் தயாராக இருந்தால் ஒரு நாள் மாலையில் முடிகிற வேலை. அந்தப் பட்டியலே அப்புறம் காமன் ஆப்புக்கும் (பல கல்லூரிகளுக்குச் சேர்த்து அனுப்பும் பொது விண்ணப்பம்) மற்ற உதவித்தொகைகளுக்கும் கைகொடுக்கும்.

படிவத்தை நிரப்ப வேண்டியது பிள்ளைதான். ஆனால் இந்தப் பதிவைப் பிள்ளைகள் படிக்கப் போவதில்லை என்று தெரியும், அதனால் பெற்றோரிடமே சொல்கிறேன்.

1. தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

நம் ஆட்களில் பலருக்கு இங்கேயே கதவு அடைபட்டுவிடும். அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருக்க வேண்டும் (அகதி, தஞ்சம் பெற்றவர் போன்ற சில பிரிவினருக்கும் அனுமதி உண்டு). எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளை விண்ணப்பிக்க முடியாது. "கிரீன் கார்டுக்குக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகி வருஷக்கணக்காக வரிசையில் நிற்கிறோமே" என்பதெல்லாம் கணக்கில் வராது. மூன்று வயதில் வந்து இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்வது கஷ்டம். ஆனால் படிவத்தின் பாதியில் தெரிவதைவிட முதல் நாளே தெரிவது நல்லது.

மற்ற நிபந்தனைகள் சுலபம். இந்தக் கல்வியாண்டில் ஹைஸ்கூல் முடிக்க வேண்டும், அமெரிக்கக் கல்லூரியில் பட்டப்படிப்பு படிக்கும் திட்டம் இருக்க வேண்டும், ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண்களின் சராசரி) குறைந்தது 3.0 வேண்டும். கோகோ கோலாவிலோ அதன் பாட்டிலிங் கம்பெனிகளிலோ வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் விண்ணப்பிக்கக் கூடாது. கம்பெனியின் தலைமையகம் அட்லாண்டாவில், அதனால் அந்தப் பக்கம் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த 3.0ஐ இன்னொரு தடவை படியுங்கள். பி கிரேடு. கேட்பதே அவ்வளவுதான். நம் வீடுகளில் மார்க்தான் பிள்ளையின் முகவரி, அதனால் ஜி.பி.ஏ. 4.0 இருக்கிறது, எஸ்.ஏ.டி. தேர்வில் 1550 இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். இந்த விருது தேடுவது வேறு: பிள்ளை தலைமையேற்று எதையாவது நடத்தியிருக்கிறதா, ஊருக்கு எதையாவது செய்திருக்கிறதா. மார்க் சுமாராக, ஆனால் ஓயாமல் எதையாவது இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், "படிப்பை விட்டுட்டு இதெல்லாம் எதுக்கு" என்று திட்டியதை நிறுத்திவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

2. படிவத்தைத் திறக்கும் முன் பட்டியல் எழுதுங்கள்

முக்கால்வாசி வேலை இதுதான். 9ஆம் வகுப்பிலிருந்து பிள்ளை செய்ததையெல்லாம் ஓர் எக்ஸெல் தாளில் கொட்டுங்கள். என்ன செய்தது, எந்த வகுப்பில், என்ன பொறுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம். கிளப், விளையாட்டு, தன்னார்வச் சேவை, பரிசுகள், சம்பளத்துக்குப் பார்த்த வேலை எல்லாவற்றையும் சேருங்கள்.

நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். உங்கள் வாட்ஸ்அப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். உணவு வங்கியில் டப்பா அடுக்கிய சனிக்கிழமை, பொங்கல் விழாவில் ஒலிபெருக்கிப் பக்கம் நின்ற நாள், ரோபாட்டிக்ஸ் குழுவின் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கோடை எல்லாம் அங்கே கிடக்கும். கடையில் கல்லாவில் நின்று சம்பாதித்ததையும் தயங்காமல் எழுதுங்கள். சம்பளத்துக்குப் போனதைச் சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். அமெரிக்காவில் அது பெருமையான விஷயம்.

மணிக்கணக்கு நேர்மையாக இருக்கட்டும். வாரம் 2 மணி நேரம் என்றால் 52ஆல் பெருக்காதீர்கள். தமிழ்ப் பள்ளி வருடத்தில் 30 வாரம் நடந்தால் 60 மணி நேரம், அவ்வளவுதான். வகுப்பு, வீட்டுப்பாடம், தூக்கம் எல்லாம் போக ஒரு வாரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று படிப்பவருக்கும் தெரியும். ஊதிப் பெருக்கிய கணக்கு உடனே பல்லிளிக்கும்.

3. ஒவ்வொரு வரியையும் செதுக்குங்கள்

முதல் சுற்றில் கட்டுரை இல்லாததால், பிள்ளை யார் என்று சொல்ல இந்தச் சிறுசிறு வரிகள்தான் உண்டு. ஓர் உதாரணம். பிள்ளைகள் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்:

"தமிழ்ப் பள்ளியில் தன்னார்வலராக உதவினேன்."

இதில் ஒன்றுமே தெரியவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டதா, வகுப்பே எடுத்ததா? உட்கார வைத்துக் கேளுங்கள், உண்மையில் என்னதான் செய்தாய் என்று. விஷயம் அப்போதுதான் வெளியே வரும்:

"முதல் நிலை வகுப்பில் துணை ஆசிரியர், 14 குழந்தைகள். எழுத்து பழக அட்டை விளையாட்டு உருவாக்கினேன். இப்போது மற்ற இரண்டு வகுப்புகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள்."

நான்கு வருடத்தில் எது மாறியது, யாருக்குப் பயன்பட்டது, பிள்ளை இல்லாவிட்டால் நடந்திருக்காதது எது? இவற்றுக்குப் பதில் இருக்கிற வரி நிற்கும். பன்னிரண்டு கிளப்பில் பெயர் மட்டும் இருப்பதைவிட, ஒன்றிரண்டைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு வந்ததற்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

சுருக்கெழுத்தை விரித்து எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் மூன்றெழுத்துப் பெயர் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அரங்கேற்றம் என்றால் என்னவென்று படிப்பவருக்குத் தெரியாமல் போகலாம். பல வருடப் பயிற்சிக்குப் பின் தனியாக மேடையேறி ஆடிய முழுநிகழ்ச்சி என்று அரை வரி சேர்த்தால் போதும்.

ஒரு வேண்டுகோள்: வாக்கியத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள். கேள்வி கேளுங்கள், பிழை பாருங்கள், அதோடு எழுந்து போய்விடுங்கள்.

4. அனுப்புவது

அறக்கட்டளையின் இணையதளத்தில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். பணம் கேட்டு யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் அது ஏமாற்று. கணக்கு தொடங்கும்போது பள்ளி மின்னஞ்சலைக் கொடுக்காமல் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் கடிதங்களைத் தடுத்துவிடும் பள்ளிகள் உண்டு.

படிவம் ஆகஸ்ட் தொடக்கத்தில் திறக்கும். சமீப வருடங்களில் செப்டம்பர் கடைசியை ஒட்டி, கிழக்கு நேரப்படி மாலை 5 மணிக்கு மூடிவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் அப்போது மதியம் 2 மணி, பிள்ளை வகுப்பில் இருக்கும். சாயங்காலம் வந்து அனுப்பலாம் என்று கடைசி நாளை நம்பாதீர்கள். அந்த வருடத் தேதியைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

5. அரையிறுதிக்கு வந்துவிட்டால்

சுமார் 1,500 பேருக்கு அழைப்பு வரும். இந்தச் சுற்றில்தான் கட்டுரைகள், பரிந்துரை, பள்ளியின் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவு) எல்லாம். பரிந்துரைக்கு, ஏ கிரேடு கொடுத்த ஆசிரியரைவிட, பிள்ளை எதையாவது முன்னின்று நடத்தியதைக் கிட்டத்தில் பார்த்தவர் நல்ல தேர்வு. அவரிடம் சீக்கிரமே கேட்டு, உங்கள் எக்ஸெல் தாளின் ஒரு பிரதியையும் கொடுத்துவிடுங்கள். பள்ளிக் கவுன்சிலர்கள் கல்லூரி விண்ணப்பங்களில் முழுகிக் கிடக்கும் நேரம் என்பதால் டிரான்ஸ்கிரிப்டுக்கும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

கட்டுரைக்கு, பட்டியலில் இருக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போகச் சொல்லுங்கள். பட்டியலையே பத்தியாக மாற்றி எழுதினால் வீண்.

அடுத்து 250 பேருக்கு நேர்காணல். அறக்கட்டளை ஊழியர்களும் முன்னாள் ஸ்காலர்களும் வீடியோவில் பேசுவார்கள். மனப்பாடம் வேண்டாம். ஏன் இதைத் தொடங்கினாய், நடுவில் எது சொதப்பியது, அப்போது என்ன செய்தாய் என்று வீட்டில் சும்மா பேசிப் பழகினாலே போதும். நேர்காணல் நடக்கும்போது நீங்கள் கதவுக்கு வெளியே இருங்கள். தேர்வாகும் 150 பேருக்கு அட்லாண்டாவில் விழா.

6. பணம் வந்தால்

இரண்டு விஷயம். வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால் சில கல்லூரிகள் தாங்கள் கொடுக்கும் உதவியில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளும். கடனைக் குறைப்பார்களா, மானியத்தைக் குறைப்பார்களா என்று நிதியுதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் கல்லூரியை உறுதிசெய்யும் முன்பே. அப்புறம் வரி: டியூஷனுக்கும் கல்லூரி கேட்கும் புத்தகங்களுக்கும் போகும் பணத்துக்கு வரி கிடையாது, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கும் பங்கு வருமானமாகக் கருதப்படும். ரசீதுகளை எடுத்து வையுங்கள்.