இழப்புக்குப் பின் மீண்டும் எழுத உட்காருவது எப்படி

தில்லி ஆர்.கே.புரத்தில் இருந்துகொண்டு பல ஆண்டுகள் சிறுகதை எழுதிவந்த நான், கணவர் மறைந்தபின் ஒன்றரை ஆண்டு ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நாள்களில் என் பேனா நிரப்பியதெல்லாம் குடும்ப ஓய்வூதியப் படிவங்களும் வங்கி மனுக்களுமே. மறுபடி எழுத வந்த வழியை, அதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்; பக்கவாதமோ விபத்தோ வாழ்க்கையைப் புரட்டிப் போட்டவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு இந்த இழப்புக்குள் இன்னோர் இழப்பும் ஒளிந்திருக்கிறது. வீட்டில் நான் தமிழில் பேசியது அவரோடு மட்டுந்தான். நான் தமிழில் கேட்டாலும் மகன் இந்தியில்தான் பதில் சொல்வான். சொல் வராததற்குத் துக்கமே காரணம் என்றிருந்தேன். நாள் முழுவதும் ஒரு தமிழ்ச் சொல்கூடக் காதில் விழாததும் காரணம் என்பது வெகுநாள் கழித்தே புரிந்தது. எனவே முதலில் செய்ய வேண்டியது எழுதுவதன்று, கேட்பது. 1946இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கம் ஆர்.கே.புரத்திலேயே இருக்கிறது, அங்கே நடக்கும் கூட்டம் எதுவானாலும் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். எனக்கு அதைவிடவும் உதவியது அங்குள்ள முருகன் கோயிலான மலை மந்திர். சுவாமிநாத சுவாமியைத் தரிசித்துவிட்டுப் படியில் அரை மணி நேரம் இருந்தால், தஞ்சாவூர்ப் பேச்சும் நெல்லைப் பேச்சும் பாலக்காட்டுப் பேச்சும் மாறிமாறிக் காதில் விழும். பாதிப் படியில் நின்றுவிட்ட ஒரு பாட்டி, "இந்த முழங்கால் இனிமே என் பேச்சைக் கேக்காதுடி, நீ ஏறிப் போய் எனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வா" என்று பேத்தியிடம் சொன்னதை, அர்ச்சனைச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன். ஒன்றரை ஆண்டுக்குப் பின் விரும்பி எழுதிய முதல் தமிழ் வரி அதுவே.

அடுத்து, இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு மட்டுமானது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தம்மை உலுக்கிய நிகழ்வைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததோடு மனத்தில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதிய கையோடு மனம் கனத்தாலும், பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. முதல் நோட்டை அந்த அளவில் நிறுத்துங்கள். அதைக் கதையாக்க முயலாதீர்கள். எழுத எழுதத் தூக்கம் கெட்டாலோ, உயிர் வாழவே பிடிக்காமல் போனாலோ, நோட்டை மூடிவிட்டு 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.

இரண்டாவது நோட்டுதான் கதைக்குரியது. அதில் இழப்பைப் பற்றித் தொடங்காமல், இழப்புக்கு முன்னும் பின்னும் உங்களோடு இருக்கிற ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையையும் பறம்பு மலையையும் ஒருசேர இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூற்றின் 112ஆம் பாட்டு ஐந்தே அடிகள் கொண்டது. அதில் அழுகை என்ற சொல்லே இல்லை, அன்றைய நிலவும் இன்றைய நிலவும்தான் இருக்கின்றன. எனக்கு அப்படி அமைந்தது பால் தூக்கு. காலையில், டோக்கன் போட்டால் இயந்திரத்திலிருந்து பால் வரும் மதர் டெய்ரி பூத்துக்கு அவர்தான் போவார். இரண்டு டோக்கன் போட்டு, தூக்கின் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வருவார். இப்போது நான் ஒரு டோக்கன் போடுகிறேன். பால் பாதியில் நின்றுவிடுவதால், நடக்கும்போது உள்ளே தளும்பிச் சத்தமிடுகிறது. நிறைந்த தூக்கு சத்தம் போட்டதில்லை.

இந்தச் சில வரிகளுக்கு எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. ஒன்றும் தேறாத நாளிலும் அதே இடத்தில், அதே நேரத்தில் உட்காருங்கள். கை ஒத்துழைக்காதவர்கள் கைப்பேசியிடம் தமிழில் பேசியே எழுதலாம்.

பொருள் பிடிபட்டபின், 'நான்' என்பதை 'அவள்' என்று மாற்றி ஒரு முறை எழுதிப் பாருங்கள். எனக்குக் கதை திரும்பி வந்தது அந்த இடத்தில்தான். நடந்ததற்குக் கட்டுப்படாமல், அவளைப் பூத்துக்கு எதிரே இருந்த பேருந்தில் ஏற்றிவிட என்னால் முடிந்தது.

முதல் வாசகராக, போனவரை அறியாத ஒருவரைத் தேடுங்கள். அறிந்தவர்கள் கதையைப் படிக்க மாட்டார்கள், அவரை நினைத்து அழுவார்கள். என் கதையை முதலில் படித்தவர், சங்கக் கூட்டமொன்றில் அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டாம் பத்தியை முழுவதும் அடித்துவிட்டு, அந்தத் தூக்குக்கு மூடி உண்டா இல்லையா என்று கேட்டார்.