பிக்கப் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துவது எப்படி?

ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி பிக்கப்புகளில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). இவற்றை 50 மி.மீ. வரை உயர்த்த வெல்டிங் வேண்டாம். கழற்றி மாட்டுகிற வேலைதான். இரண்டு பேருக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். அதற்கு மேல் போனால் முன் வீலைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வு கூடிப்போகும். அதை வீட்டு வாசலில் செய்யாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

வேண்டிய சாமான்: முன் ஸ்ட்ரட் (காயில் ஸ்பிரிங் மாட்டும் ஷாக்) 2, பின் பட்டைக் கட்டு 2, பின் ஷாக் (ஷாக் அப்சார்பர்) 2, பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் புது யூ போல்ட் 4, அதற்கு நட்டு 8. பழைய யூ போல்ட்டை மறுபடி போடக் கூடாது. முறுக்கியதில் அது ஏற்கெனவே நீண்டிருக்கும், பிடிப்பு நிற்காது. முன் ஸ்ட்ரட்டை ஸ்பிரிங்கோடு கோத்தே வாங்குங்கள். கொக்கி வகை கம்ப்ரெஸரால் வீட்டில் காயிலை அமுக்கும்போது கொக்கி நழுவினால் கையோ முகமோ போய்விடும். கோக்காமல் வந்திருந்தால் பட்டறையில் கொடுத்துக் கோத்து வாங்கி வாருங்கள்.

முதல் நாளே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். நான்கு பக்கமும் வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்து வையுங்கள்.

முன்பக்கம். சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, பின் வீலுக்கு கட்டை கொடுத்து, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. வீலைக் கழற்றி, இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்கை இரண்டு பக்கமும் பிரியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரித்தால் பார் எதிர்த்துத் தள்ளும். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர் பிடிகளையும் கழற்றுங்கள். மேல் கையான அப்பர் ஆர்மின் நுனியில் உள்ள அப்பர் பால் ஜாயின்ட் நட்டை நாலு மரை மிச்சம் வைத்துத் தளர்த்தி, வீலைத் தாங்கும் நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியால் தட்டினால் விட்டுவிடும். உடனே நக்கிளைக் கயிற்றால் கட்டுங்கள். வெளிப்பக்கம் சாய்ந்தால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டும் கழன்று வரும்.

ஸ்ட்ரட் தலையில் ஓரத்து மூன்று நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். நடுவில் உள்ள நட்டுதான் அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறது. அதில் ஸ்பானரே வைக்காதீர்கள். புது ஸ்ட்ரட்டை ஏற்றி, கீழ்க் கையான லோயர் ஆர்மை ஜாக்கியால் மெல்ல உயர்த்தினால் கீழ் போல்ட் துளை நேருக்கு வரும்.

பின்பக்கம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். இரண்டையும் சேர்த்துப் பிரித்தால் ஆக்சில் நகர்ந்துவிடும். சேசிஸ் ஸ்டாண்டில், ஆக்சில் ஜாக்கியில். ஷாக், யூ போல்ட் கழற்றி, பிரேக் ஹோஸைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலை இறக்கிப் பட்டையை மாற்றுங்கள். பட்டைக் கட்டின் நடுவில் உள்ள சென்டர் போல்ட் தலை ஆக்சில் சீட்டின் குழிக்குள் முழுசாக உட்கார வேண்டும். யூ போல்ட்டை நான்கு மூலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

பலரும் தவறுவது அடுத்த இடத்தில்தான். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, அதாவது லோயர் ஆர்ம், பட்டைக் கண் (முனை வளையம்), அந்த முனையைத் தாங்கும் ஷாக்கிள் எல்லாவற்றையும், வண்டி தொங்கும்போது கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். வீலைப் போட்டுத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முறுக்குங்கள். தொங்கும்போதே முறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். சில மாதத்தில் கிழிந்து 'கீச்' என்று கத்தும்.

வீல் தொங்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ் தளர்வாகவே இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஆக்சிலோடு கம்பியால் இணைந்து, சுமைக்கேற்பப் பின் பிரேக்கை மாற்றும் லோட் சென்சிங் வால்வு உள்ள வண்டியில், உயரம் கூடியதும் வால்வு 'சுமை இல்லை' என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதற்கான பிராக்கெட் போட்டுச் சரிசெய்யாமல் சாலையில் எடுக்காதீர்கள்.

அன்றே வீல் அலைன்மென்ட். உயர்த்தினால் கேஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு, குறையும். வண்டி நேரே ஓடாமல் அலையும், ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. சரிசெய்தும் அளவு கிடைக்காவிட்டால் வேறு அப்பர் ஆர்ம் போட வேண்டும். ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள். புறப்படும்போது அடியில் அதிர்வு வந்தால் பின் ஆக்சிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங் கோணத்தைப் பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் ஒரு முறை, 500 கி.மீ.யில் இன்னொரு முறை யூ போல்ட்டை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.